நாய்க்குட்டி ஏன் படுத்துக்கொண்டது?



தலைப்பைப் பார்த்துவிட்டு நம் பள்ளி வாசலில் படுத்திருக்கும் செவலை நாயைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இது நம் கணினி அறையில் ஜன்னலோரம் இருக்கும் ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டரின் கதை. கூடவே நான் செய்த ஒரு தப்பின் கதை. இரண்டாவதைச் சொல்லத்தான் முதலாவதை எழுத வந்தேன்.

அந்த ஐந்தாம் நம்பர் ரொம்பப் பழசு. ராம் 1 ஜிபி மட்டும்தான். முதலில் அதில் விண்டோஸ் எக்ஸ்பி இருந்தது. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். புது விண்டோஸைத் தூக்கும் தெம்பு அதற்கு இல்லை. "கண்டம் லிஸ்டில் எழுதிடலாமா?" என்று பேச்சு வந்தபோது, "ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம்" என்று கம்ப்யூட்டர் சார் அதில் பப்பி லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்.

பப்பி என்றால் நாய்க்குட்டி. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி கவுலர் என்பவர் 2003-ல் வெளியிட்டது. அவர் வளர்த்த குட்டி நாயின் பெயரையே வைத்துவிட்டாராம்! எழுத, கணக்குப் போட, படம் பார்க்க, இணையம் பார்க்க என எல்லாம் சேர்த்து சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். பழைய கம்ப்யூட்டரிலும் சுறுசுறுப்பாக ஓடும். நாங்கள் எல்லாரும் ஐந்தாம் நம்பரை "நாய்க்குட்டி" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். "நாய்க்குட்டி காலியா இருக்கா?" என்று யாராவது கேட்டால் புது டீச்சர்கள் பயந்து போவார்கள்!

போன வருடம் எங்கள் குழுவுக்குக் கிடைத்த செயல்திட்டம் பாகூர் ஏரி. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி நம்முடையதுதான் என்பது உங்களுக்கே தெரியும். ஏரிக்கரைப் பெரியவர்களைப் பார்த்துப் பேச வைத்து, செல்போனில் பதிவு செய்தோம். மொத்தம் 11 பதிவுகள். பங்காரு வாய்க்காலுக்குப் பெயர் வந்ததைப் பற்றி ஒரு தாத்தா, பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்களின் கதையாக அரை மணி நேரம் சொன்னார். மதகைத் திறக்கும் நாளில் ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு ஆயா சொன்னார். எல்லாவற்றையும் நாய்க்குட்டியில் ஏற்றிவிட்டு, போனில் இடமில்லை என்று போனில் இருந்ததை அழித்துவிட்டோம். தை மாதம் அந்தத் தாத்தா தவறிப் போனார். அப்புறம் அவர் குரல் இருந்த ஒரே இடம் அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான்.

இந்த நிலைமையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நாய்க்குட்டி படுத்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் தமிழ் மன்றத்துக்குக் கட்டுரை தட்டச்சு செய்ய உட்கார்ந்தான். அபிவேர்ட் என்ற எழுத்துச் செயலியைத் திறந்தான். சன்னல் ஒரு நொடி வந்தது, மறைந்தது. திரும்பத் திறந்தான். திரும்ப மறைந்தது. நாலைந்து தடவை அழுத்தியதில் சுட்டி அம்பே நின்றுவிட்டது. பையன் பயந்துபோய் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டான். மறுபடி போட்டால், மேசைத்திரை வருகிறது, ஆனால் அபிவேர்ட் வரவே இல்லை.

"யார் கடைசியா தொட்டது?"

நம்ம ஊரில் எது கெட்டாலும் முதல் கேள்வி இதுதானே? குழாய் உடைந்தாலும் இதே கேள்வி, மின்விசிறி நின்றாலும் இதே கேள்வி. எல்லாரும் அந்தத் தம்பியைப் பார்த்தார்கள். கணினி அறைப் பொறுப்பாளர் நான். "உன்ன யாருடா நோண்டச் சொன்னது? எங்க புராஜெக்டே அதுலதான் இருக்கு!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலக்கா" என்றான். யாரும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவன் கணினி அறைப் பக்கமே வரவில்லை.

நான் சும்மா இருந்தேனா? அதுவும் இல்லை. அபிவேர்டைக் கருப்புத் திரையில், அதாவது டெர்மினலில், பெயரைத் தட்டச்சு செய்து திறந்து பார்த்தேன். அப்படித் திறந்தால் சாகும்போது என்ன காரணம் என்று ஒரு வரியாவது சொல்லிவிட்டுச் சாகும். ஒரு நூலகக் கோப்பின் பெயரைச் சொல்லி, அதற்குள் தேடிய பொருள் இல்லை என்று வந்தது. (நூலகக் கோப்பு என்றால், பல செயலிகள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் கோப்பு. நம் பள்ளி அகராதி மாதிரி.) அரைகுறையாக எனக்கு ஒன்று தெரியும்: பப்பியில் கெட்டுப்போனதை அழித்தால், அடியில் இருக்கும் நல்லது மேலே வந்துவிடும். உடனே அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்து அழித்துவிட்டேன். பப்பியில் நாம் எப்போதும் ரூட், அதாவது சர்வ அதிகாரி. "அழிக்கட்டுமா?" என்று கேட்குமே தவிர, "அழிக்காதே" என்று தடுக்காது.

மறுபடி அபிவேர்டைத் திறந்தேன். இப்போது "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்றது! முன்னே உள்ளே ஒரு பொருள்தான் இல்லை, இப்போது கோப்பே இல்லை. அதோடு வேறு இரண்டு செயலிகளும் படுத்துவிட்டன. எனக்குக் கை கால் ஓடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தம்பி மேல் இருந்த பழி அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

"சேவ் ஃபைலை அழிச்சுட்டு முதல்லேருந்து ஆரம்பிச்சா சரியாயிடும்" என்று எல்லாரும் சொன்னார்கள். சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் தாத்தாவின் குரலும் அதோடு போய்விடும்!

கடைசியில் சாரிடம் அனுமதி வாங்கி, வில்லியனூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும் எங்கள் பெரியப்பா மகனை ஒரு சனிக்கிழமை வரவழைத்தேன். அண்ணன் வந்து கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. நேராகப் போய்ப் பக்கத்து வகுப்பிலிருந்து இந்திய வரைபடத்தையும், புத்தகத்துக்கு அட்டை போடும் கண்ணாடித் தாளையும் கொண்டுவந்தார்.

"இங்க பாரும்மா. இந்த அச்சடிச்ச மேப்தான் அடி அடுக்கு. இதுல யாரும் எழுத முடியாது. உங்க பாகூர் செப்பேடு மாதிரி, வெட்டினது வெட்டினதுதான்" என்றார்.

(தெரியாதவர்களுக்கு: 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், நம் பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்வதுதான் பாகூர்ச் செப்பேடு. நம் ஊருக்கும் படிப்புக்கும் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் சொந்தம்!)

பப்பியின் செயலிகள் எல்லாம் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறையில் அழுத்திச் சுருக்கி ஒரே கோப்பாக இருக்கும். அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. அண்ணன் வரைபடத்தின் மேல் கண்ணாடித் தாளை விரித்தார். "இதுதான் மேல் அடுக்கு. உங்க சேவ் ஃபைல். நீ எழுதறது, மாத்தறது, புதுசா போடறது எல்லாம் இந்தத் தாள்லதான் விழும். மேலேருந்து பார்த்தா ரெண்டும் சேர்ந்து ஒரே மேப்பாத் தெரியும். பழைய மேப்புல 'மெட்ராஸ்'னு இருக்கு. நீ அது மேல சின்ன காகிதம் ஒட்டி 'சென்னை'னு எழுதினா, பார்க்கறவனுக்குச் சென்னைதான் தெரியும். அடியில மெட்ராஸ் அப்படியே இருக்கும்."

"அப்போ நான் ஒரு ஊரை அழிச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அச்சடிச்சதை எப்படி அழிப்ப? அந்த ஊர் மேல ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டிடும். அடியில ஊர் இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியாது."

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது! நான் அழித்தபோது மேல் தாளில் இருந்த தவறான கோப்பு போனது சரி. ஆனால் கம்ப்யூட்டருக்கு "அழி" என்றால், "இனிமேல் இந்தப் பெயரில் எதுவும் தெரியக்கூடாது" என்றுதான் பொருள். அதனால் அடியில் இருந்த நல்ல கோப்பின் மேலும் வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிட்டது. நல்லது உயிரோடுதான் இருந்தது. நான்தான் அதை மூடிவிட்டேன்.

இப்படி அடுக்குகளைச் சேர்த்துக் காட்டும் முறைக்குத் தனிக் கதையே இருக்கிறது என்றார் அண்ணன். அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எரெஸ் ஜடோக் குழுவினர் யூனியன்எஃப்எஸ் என்று ஒன்றைச் செய்தார்கள். அதைத் திருத்தி எழுத 2006-ல் ஜுன்ஜிரோ ஒகஜிமா ஆரம்பித்ததுதான் ஏயூஎஃப்எஸ். எங்கள் நாய்க்குட்டியில் இருப்பது அதுவே. 2014 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.18-ல் மிக்லோஸ் செரடியின் ஓவர்லேஎஃப்எஸ் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்தது. ஓபன்டபிள்யூஆர்டி போட்ட வைஃபை ரவுட்டரிலும் இதே அடுக்கு வித்தைதான். அதை "ரீசெட்" செய்தால் மேல் தாளைக் கழுவிவிடுகிறோம், அவ்வளவுதான்.

பிறகு வேலை ஆரம்பித்தது. அண்ணன் செய்த வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் மேல் தாளை எடுத்துவிட்டுப் பார்த்தார். தொடக்க மெனுவில் "பிஃபிக்ஸ் ஈக்வல் டு ராம்" என்று சேர்த்தால், பப்பி சேவ் ஃபைலைத் தொடாமல் அடி அடுக்கோடு மட்டும் எழும்பும். எழும்பியது. அபிவேர்டைத் திறந்தார். திறந்துகொண்டது! அரை மணி நேரம் ஓடவிட்டார். நிற்கவில்லை. "பார்த்தியா? மெஷினும் நல்லாருக்கு, அடி மேப்பும் நல்லாருக்கு. கோளாறு தாள்லதான். பாதி வேலை முடிஞ்சுது" என்றார். "கண்டம் லிஸ்ட்" என்று சொன்னவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

இரண்டாவது, எதையும் சரி செய்யும் முன் நகல் எடுத்தார். சேவ் ஃபைலை முழுசாக ஒரு பென்டிரைவில் போட்டார். பிறகு அதைச் சொடுக்கினால் ஒரு பெட்டி மாதிரி திறந்துகொண்டது. உள்ளே நாங்கள் மாற்றியவை மட்டும் இருந்தன. 11 பதிவுகளும் இருந்தன. தாத்தாவின் பதிவை ஓட்டிப் பார்த்தேன். "பங்காரின்னு ஒருத்தி..." என்று குரல் வந்தது. கண் கலங்கிவிட்டது. பதிவுகளையெல்லாம் சேவ் ஃபைலுக்கு வெளியே, ஹார்டு டிஸ்க்கில் தனியிடத்துக்கு மாற்றினோம். பென்டிரைவிலும் ஒரு படி.

மூன்றாவது, இடம் எவ்வளவு என்று பார்த்தார். சேவ் ஃபைல் 512 எம்பி. எங்கள் பதிவுகளும் மற்றவையும் சேர்ந்து அதில் மிச்சம் இருந்தது 6 எம்பி! மேல் தாளில் எழுத இடமே இல்லாதபோது கம்ப்யூட்டர் திணறிப் போய் நின்றுவிடும். தம்பி உட்கார்ந்தபோது அம்பு நின்றது இதனால்தான். அந்த இடத்தை அடைத்தது அவன் இல்லை, எங்கள் குழு.

நான்காவது, "பிஃபிக்ஸ் ஈக்வல் டு எஃப்எஸ்சிகே" என்று கொடுத்து எழுப்பி, சேவ் ஃபைலில் கிழிசல் இருக்கிறதா என்று சரிபார்க்க வைத்தார். சுவிட்சைத் திடீரென்று அணைத்ததால் இரண்டு மூன்று சின்னத் தவறுகள் இருந்தன. அதுவே திருத்திக்கொண்டது.

ஐந்தாவதுதான் முக்கியம். அந்தத் தவறான நூலகக் கோப்பு மேல் தாளுக்கு எப்படி வந்தது? புதிதாக நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைப் பப்பி எழுதி வைத்திருக்கும். அதைத் திறந்தார். ஒரே ஒரு பெயர். ஒரு வீடியோ பிளேயர். வேறொரு பழைய லினக்ஸுக்காகச் செய்த பொதி. அது தன்னோடு பழைய நூலகக் கோப்பையும் கூட்டி வந்து, நல்ல கோப்பின் மேல் உட்கார வைத்துவிட்டது. நிறுவிய தேதி, தம்பி உட்கார்ந்த நாளுக்கு மூன்று வாரம் முன்பு.

"இதை யாரும்மா போட்டது?"

நான்தான். ஆண்டு விழா நடன வீடியோ ஓடவில்லை என்று, இணையத்தில் கிடைத்ததை இறக்கி நான்தான் போட்டேன். வீடியோ ஓடியது. சந்தோஷமாக மூடிவிட்டுப் போய்விட்டேன். அந்த மூன்று வாரமும் யாரும் அபிவேர்டைத் திறக்கவில்லை. முதலில் திறந்தவன் அந்தத் தம்பி. அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

அண்ணன் திரும்பவும் சேவ் ஃபைல் இல்லாமல் எழுப்பி, அந்தப் பெட்டியைத் திறந்தார். கோப்புச் சாளரத்தில் கண் படம் போட்ட பொத்தானை அழுத்தச் சொன்னார். மறைந்திருக்கும் கோப்புகள் தெரிந்தன. அங்கே, புள்ளி, டபிள்யூ, எச், புள்ளி என்று ஆரம்பித்து, பின்னால் அந்த நூலகக் கோப்பின் பெயரோடு ஒரு காலிக் கோப்பு. அதுதான் நான் ஒட்டிய வெள்ளைக் காகிதம்! "நீ ஒட்டினத நீயே எடு" என்றார். எடுத்துப் பென்டிரைவில் போட்டேன். வழக்கம்போல் எழுப்பினோம். அபிவேர்ட் திறந்தது. என் வீடியோ பிளேயர்தான் திறக்கவில்லை. போகட்டும்!

ஓடுகிற கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு அழித்தால் வெள்ளைக் காகிதம் விழுகிறது. அதே கோப்பை, தாளைத் தனியே எடுத்து வைத்து வெளியிலிருந்து நீக்கினால் விழாது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் நான் ஒன்றை இரண்டாக்கினேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். கத்தியது எல்லார் முன்னாலும். அதனால் மன்னிப்பையும் எல்லார் முன்னாலும் கேட்டேன். "வீடியோ பிளேயர் போட்டது நான். இடத்தை அடைச்சது எங்க குழு. அப்புறம் இன்னும் கெடுத்ததும் நான். உன் மேல தப்பில்ல தம்பி, மன்னிச்சுக்க" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "சுவிட்ச ஆஃப் பண்ணது நான்தானேக்கா?" என்றான். தன் மேல் இருந்த துளியூண்டு தப்பைக்கூட அவன் மறைக்கவில்லை. பெரிய தப்பைச் செய்த நான்தான் பத்து நாள் மறைத்தேன். அவன் என்னைவிட மூன்று வகுப்பு சின்னவன்.

இப்போது அவன் திரும்பவும் வருகிறான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாய்க்குட்டியின் சேவ் ஃபைலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவது அவன் வேலை. கம்ப்யூட்டர் சார் கொடுத்த பொறுப்பு.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். மேலே தெரிவது மேல் தாள் மட்டும்தான் நண்பர்களே. கடைசியில் தொட்டவன் யார் என்று கேட்பது சுலபம். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்ப்பதுதான் சிரமம். ஆனால் அப்படி எடுத்துப் பார்க்கும்போது அடியில் நம் கையெழுத்தே இருக்கலாம்!

கணினி அறை நண்பர்களுக்கு ஐந்து குறிப்புகள்:

1. பப்பி படுத்தால் முதலில் சேவ் ஃபைல் இல்லாமல் எழுப்பிப் பாருங்கள். நன்றாக ஓடினால் கோளாறு சேவ் ஃபைலில்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

2. நகல் எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

3. பாட்டு, படம், பதிவு எதையும் சேவ் ஃபைலுக்குள் அடைக்காதீர்கள். வெளியே வையுங்கள்.

4. வேறு லினக்ஸுக்குச் செய்த பொதியைச் சாரைக் கேட்காமல் நிறுவாதீர்கள். (இது எனக்கும் சேர்த்து!)

5. கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் சுவிட்சுக்குப் போகும் முன் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். இனிமேல் கத்த மாட்டேன். சத்தியம்!



– கணினி அறைப் பொறுப்பாளர்,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி